பின்னால் போக ஓர் ஆள்

பக்கவாத்திய வயலின்காரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு தேவைதான் உண்டு. முன்னால் போக ஓர் ஆள் வேண்டும். பாடகர் ஒரு பிடி பாடினால் அதை அரை மூச்சுப் பின்னால் அப்படியே வாங்கி வாசிக்க வேண்டும். அவர் மேலே ஏறினால் நாமும் மேலே, கீழே இறங்கினால் நாமும் கீழே, அவர் இருமினால் மட்டும் சும்மா இருக்கலாம். இடையில் அவர் தண்ணீர் குடிக்கும்போது நமக்கென்று கொஞ்சம் இடம் விடுவார். அதிலும் அவர் பாடியதைவிடக் கொஞ்சம் குறைவாக, அடக்கமாக வாசித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் பகலில் கச்சேரியில் எழுதுவினைஞன். எங்கள் ஊரில் அரசாங்க அலுவலகத்துக்கும் கச்சேரி என்றுதான் பெயர். மாலையில் கோயில் கச்சேரியில் வயலின். இரண்டு இடத்திலும் மேலே இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே என் வேலையாக இருந்தது. இரண்டிலும் எனக்கு நல்ல பெயர்.

எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தோம். ஏன் வந்தோம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை இங்கே எழுதப்போவதில்லை. பப்பட்டோய்டோயில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வாளிக்கு மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்க்கிற வேலை. எங்களோடு வயலினும் வந்தது, கையால் அமுக்கும் சுருதிப் பெட்டியும் வந்தது. பாடகர் மட்டும் வரவில்லை. அந்த நாளில் நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு பெரிய வரவேற்பறையில் இருத்திவிடலாம். அவர்களில் வைத்தியர் இருந்தார், கணக்காளர் இருந்தார், பாடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

முதலில் மனைவியை வளைக்கப் பார்த்தேன். அவள் சமைக்கும்போது தன்பாட்டில் ஏதாவது பழைய பாட்டை முணுமுணுப்பாள். நல்ல குரல். நான் சத்தமில்லாமல் வயலினை எடுத்துக்கொண்டு போய்க் குசினி வாசலில் உட்கார்ந்து பின்னால் வாசிக்கத் தொடங்கினேன். சில நாட்கள் பொறுத்தாள். பிறகு ஒருநாள் அகப்பையோடு திரும்பினாள்.

“இஞ்சருங்கோ, நான் பாடுறது எனக்கு. நீங்கள் இப்பிடிப் பின்னால பின்னால வந்தா, கறிக்கு உப்புப் போட்டனோ இல்லையோ எண்டு மறந்துபோகுது.”

அடுத்தது பஜனை. மலேசியாவில் இருந்து வந்த ஒரு பல் வைத்தியர் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். அந்த வீட்டம்மா என்னை அன்போடு கூப்பிட்டார். “நீங்க சும்மா எங்க கூட வாசிங்க லா. இங்க யாரும் பெரிய வித்வான் இல்ல.” அது உண்மைதான். பாடியவர்கள் ஆளுக்கொரு சுருதியில் புறப்பட்டார்கள். ஒருவர் பல்லவியில் இருக்க இன்னொருவர் மங்களத்துக்குப் போய்விட்டார். யார் பின்னால் போவது என்று தெரியாமல், வீதி கடக்க நிற்பவனைப் போல வில்லைத் தூக்கிப் பிடித்தபடி பஜனை முடியும்வரை இருந்தேன். சுண்டல் நன்றாக இருந்தது.

கடைசியில் ரேடியோவிடம் போனேன். சனிக்கிழமை மத்தியானங்களில் குதிரைப் பந்தய வர்ணனை போகும். அந்த வர்ணனையாளர் விளம்ப காலத்தில் மெதுவாக ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, கடைசி வளைவில் உச்ச ஸ்தாயியைப் பிடித்து, மூச்சே விடாமல் உதிர்த்துத் தள்ளுவார். அப்படிச் சாதகம் பண்ணிய குரலை நான் எங்கள் ஊர்த் திருவிழாக்களில்கூடக் கேட்டதில்லை. அவர் பின்னால் போய்ப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கடைசியில் எந்தக் குதிரை வென்றது என்று கேட்டார். வயலினில் அவருக்கு அது விளங்கவில்லையாம்.

“தனியா வாசியுங்கோவன்” என்றாள் மனைவி. சொல்வது சுலபம். தனியாக வாசித்தால் இரண்டு வரிக்கு மேல் எனக்குப் போகாது. அடுத்ததை யாரோ முதலில் சொல்ல வேண்டும் என்று காது காத்துக்கொண்டிருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். ஹீட்டர் சத்தமும் மழைச் சத்தமும்தான் கேட்கும். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன்.

இப்படி இருக்கையில் சிட்னியில் இருந்து மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா தொலைபேசியில் பேசினார். அவர் மகள் வயலின் பழகத் தொடங்கியிருக்கிறாளாம். “உங்கட வயலின் சும்மா பெட்டிக்குள்ள கிடந்து பழுதாப்போகுதெல்லோ. பிள்ளைக்குத் தாங்கோவன்.” நியாயமான கேள்வி. இந்தக் குளிர்காலம் முடியட்டும் என்று சொன்னேன். அதற்குள் பின்னால் போக ஓர் ஆள் கிடைக்காவிட்டால், வயலினை யார் கையிலாவது சிட்னிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அன்றைக்கு மனைவி வைத்த கறியில் உப்பே இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ரரோடோங்கா தீவைச் சேர்ந்த பெரிய மனிதர். வண்டி ஓட்டும்போது அடிவயிற்றில் இருந்து டூம் டூம் என்று ஏதோ ஒன்றைப் பாடிக்கொண்டே போவார். என் கை என்னைக் கேட்காமலே வாளி மூடியில் தாளம் போடும். ஒருநாள் தேநீர் நேரத்தில் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நீ ஏதோ வாசிக்கிற ஆள்தானே?”

“வயலின்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வாசிப்பது டபுள் பேஸ். ஆளை விட உயரமான, நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய வயலின். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பௌல்ஸ் கிளப் ஹாலில் ஜாஸ் வாசிக்கிறவர்கள் கூடுகிறார்களாம். குளிர்காலத்தில் புல்வெளியில் பந்து உருட்ட முடியாது என்பதால் ஹால் சும்மா கிடக்கும். யாரும் வரலாம், யாரும் மேடையில் ஏறலாம். “நீயும் வா, மேட்.” மேட் என்றால் அந்த ஊரில் கூட்டாளி.

எனக்குச் சில விளக்கங்கள் தேவைப்பட்டன.

“பிரதானமாக வாசிப்பவர் யார்?”

“யாரும் இல்லை.”

“பிறகு யார் யாருக்குப் பக்கவாத்தியம்?”

“எல்லாருக்கும் ஒரு முறை வரும். உன் முறை வந்தால் உன் மனதில் இருப்பதை வாசி.”

மாப்பிள்ளையே இல்லாத கல்யாணமாக இருந்தது. ஆனாலும் வெறுமனே மறுக்க மனம் வரவில்லை. குளிர்காலம் பாதி போய்விட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை சாய்ந்தடித்தது. ஐந்தரை மணிக்கே இருட்டு. எங்கள் காரில் ஹீட்டர் வேலை செய்யாது. மனைவிதான் உள்ளே படிந்த பனியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தாள். கச்சேரி என்றால் வேட்டி என்று நான் நின்றேன். கால் விறைத்துச் செத்தால் தான் பொறுப்பில்லை என்று அவள் நின்றாள். கடைசியில் பட்டு ஜிப்பா, அதற்கு மேலே கம்பளிச் சட்டை, கீழே காற்சட்டை, நெற்றியில் திருநீறு என்று சமாதானம் ஆயிற்று. பின்சீட்டில் வயலினும் சுருதிப் பெட்டியும் ஒரு தட்டு மீன் கட்லட்டும் இருந்தன. கட்லட் அவளுடைய ஏற்பாடு. சங்கீதம் சரிவராவிட்டாலும் வெறுங்கையோடு வந்தார்கள் என்று யாரும் சொல்லக்கூடாதாம்.

ஹாலுக்குள் நனைந்த கம்பளி மணமும் பியர் மணமும் அடித்தன. சுவர் முழுக்க வெள்ளை உடுப்புப் போட்ட கிழவர்கள் கோப்பைகளோடு நிற்கும் படங்கள். சுவரின் உயரத்தில் சிவப்பாக எரிந்த ஹீட்டருக்குக் கீழே போட்டிருந்த கதிரைகளுக்கு மட்டும் போட்டி. மேடையில் பியானோ, ட்ரம்ஸ், எங்கள் ஃபோர்க்லிஃப்ட்காரர், அவர் அணைத்துப் பிடித்திருந்த டபுள் பேஸ். பியானோ வாசித்த பெண்மணி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மூக்குக் கண்ணாடியை நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, யார் ஏறுவது யார் இறங்குவது என்பதைப் புருவத்தால் நடத்தினார். எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள்.

மனைவி கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்: “இவையள் எப்ப சுருதி சேர்த்து முடிப்பினம்?”

“பாட்டுத் தொடங்கீட்டுது.”

“ஓமோ?” என்று கட்லட் தட்டை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் தலை கால் புரியவில்லைதான். ஆனால் அந்த இரைச்சலில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு சுற்றை எடுத்து மனம் போனபடி வாசித்தார்கள். முடித்ததும் கைதட்டல். இறங்கிப் போய்ப் பியர் குடித்தார்கள். கலகலப்பான இடம். ஒருவர் டிராம்போனை நீட்டும்போது முன்வரிசைக் கிழவியின் தொப்பியைத் தட்டிவிட்டார், அந்த அம்மா அதை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் சாக்ஸபோன்காரர் மேடைக்கு வந்தார். வழுக்கைத் தலை, பெரிய வயிறு, யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். பகலில் தண்ணீர்க் குழாய் திருத்துபவர் என்று பிறகு தெரிந்தது. அவர் வந்ததும் ஹாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுரத்தைப் பிடித்தார். பிடித்த சுரத்தை அப்படியே நிற்க விடாமல் அசைத்தார், கீழே இருந்து இழுத்தார், பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எங்கள் கமகத்தை யார் இந்த மனிதனுக்குச் சொல்லிக்கொடுத்தது? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு இந்த ஊரில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

“இவர்தான்” என்றேன்.

“ஆரு?”

“நான் பின்னால போகவேண்டிய ஆள்.”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சிரிக்காத மனுசனா இருக்குது. யோசிச்சுச் செய்யுங்கோ.”

நான் யோசிக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் கையசைத்துக் கூப்பிட்டதும் வயலினோடு ஏறிவிட்டேன். முதல் காரியமாகச் சப்பாத்தைக் கழற்றினேன். எங்கள் வழக்கப்படி பாய் எங்கே விரித்திருக்கிறது என்று தேடினேன். பாய் இல்லை. சாக்ஸபோன்காரருக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டியின் மறைவில், மரப்பலகைத் தரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினேன். காலுறையில் பெருவிரலுக்கு நேரே ஓட்டை. ஃபோர்க்லிஃப்ட்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு மைக்கை எடுத்து, யாரோ ஒருவருடைய கோட்டை மடித்து அதன்மேல் படுக்க வைத்தார்.

பியானோ அம்மா எட்டிப் பார்த்து எந்தச் சுருதியில் வேண்டும் என்று கேட்டார்.

“நீங்கள் எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள். நான் பின்னால் வருவேன்.”

இவ்வளவு அடக்கமான ஆளை அவர் அந்த மேடையில் கண்டதில்லை போலும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மனைவியும் மேடை ஓரத்தில் கதிரை போட்டு, குளிர் கோட்டோடும் தொப்பியோடும் உட்கார்ந்து சுருதிப் பெட்டியை அமுக்கத் தொடங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பியானோ வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. சுருதிப் பெட்டி பழைய வீட்டிலேயே நின்றது. பியானோ அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சுற்றுப் பொறுத்தார். பிறகு வாசித்தபடியே மிகவும் மரியாதையாக, அந்த இடம் வரும்போது அதைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று கேட்டார்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“சுருதியை மாத்தட்டாம்.”

“சுருதியை மாத்துறதோ? பிறகென்னத்துக்கு அது சுருதி?” பெட்டியைப் படக்கென்று மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமில்லை. அந்த மனிதர்களை நினைத்துக் கவலைதான்.

பிறகு சாக்ஸபோன்காரரின் சுற்று வந்தது. அவர் ஒரு பிடி வாசித்தார். நான் அரை மூச்சுப் பின்னால் அதை அப்படியே வாங்கினேன். இன்னொன்று வாசித்தார். அதையும் வாங்கினேன். கை மறக்கவில்லை. பெட்டிக்குள் கிடந்த காலமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் வளைத்த இடத்தில் நானும் வளைத்தேன், அவர் இழுத்த இடத்தில் நானும் இழுத்தேன். பழைய கோயில் வீதியில் ஓடுகிற மாதிரி அவருடைய குதிகாலைப் பார்த்தபடி ஓடினேன்.

மனிதர் நின்றார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வாசித்தார். மறுபடி பின்னால் அதே சத்தம். ஒலிபெருக்கி எதிரொலிக்கிறது என்று நினைத்துவிட்டார். யாரையோ பார்த்துச் சைகை காட்ட, ஒருவர் ஓடிவந்து திருகக்கூடிய எல்லாவற்றையும் திருகினார். பயனில்லை. சாக்ஸபோன்காரர் வாயில் வைக்கிற துண்டைக் கழற்றி நக்கிப் பார்த்துத் திரும்ப மாட்டினார். மெதுவாக ஒரே ஒரு சுரம் வாசித்தார். நானும் மெதுவாக ஒரே ஒரு சுரம் வாசித்தேன். அப்போதுதான் அவர் திரும்பிக் குனிந்து பார்த்தார்.

தரையில் நான் இருந்தேன். திருநீறும் பெருவிரலுமாக. வித்துவான் முகம் கொடுத்துப் பார்க்கிறாரே என்று உருகிப்போய், எங்கள் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். ‘பேஷ், பேஷ்’ என்று அதற்கு அர்த்தம். அவர் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘சரியில்லை’ என்று அர்த்தம்.

அவருடைய வழுக்கை சிவந்தது. அடுத்து ஒரு பயங்கரமான பிடி வந்தது. கீழேயிருந்து மேலே ஓடி, நடுவில் இரண்டு தரம் வழுக்கி, எதிர்பாராத இடத்தில் வெட்டி நின்றது. என்னை உதறத்தான் அப்படி வாசித்தார் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. எங்கள் கச்சேரிகளில் பாடகர் பக்கவாத்தியக்காரன்மேல் பிரியம் வைத்தால்தான் இப்படிக் கஷ்டமான சங்கதிகளைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பார். இவ்வளவு சீக்கிரம் என்னை மதித்துவிட்டாரே என்று கண் கலங்கியது. அவர் ஓடிய இடமெல்லாம் ஓடினேன், வழுக்கிய இடத்தில் வழுக்கினேன், வெட்டிய இடத்தில் வெட்டினேன். ஹாலில் விசில் அடித்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு நான் தெரியவே இல்லை. சிலர் கதிரையில் ஏறிப் பார்த்தார்கள்.

அவர் இன்னும் வேகமாகப் போனார். நானும் போனேன். அவசரத்தில் அவருடைய சாக்ஸபோன் பிசகி, கதவு இடுக்கில் மாட்டிய பூனைபோல் ‘கீச்’ என்று ஒரு சத்தம் போட்டது. எனக்கு இந்தச் சங்கீதம் புதிது. எது பிழை, எது சங்கதி என்று நான் யார் தீர்மானிக்க? வித்துவான் கீச்சினார். நானும் அரை மூச்சுப் பின்னால், சுருதி சுத்தமாக, அதே கீச்சைக் கீச்சினேன்.

ஹால் வெடித்தது. பியானோ அம்மா கட்டைகளின் மேலேயே கவிழ்ந்து சிரித்தார். டிராம்போன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சாக்ஸபோன்காரர் என்னைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், சாக்ஸபோனோடு மேடையை விட்டு இறங்கிப் பியர் வைத்திருந்த மேசைப் பக்கம் போய்விட்டார்.

சிரிப்பு அடங்கியது. டபுள் பேஸ் மட்டும் டூம் டூம் என்று நடந்துகொண்டிருந்தது. பியானோ அம்மா புருவத்தை என் பக்கம் தூக்கினார். ஃபோர்க்லிஃப்ட்காரர் குனிந்து, “இப்போது உன் முறை, மேட்” என்றார்.

என் முறை என்று ஒன்று என் வாழ்நாளில் வந்ததில்லை. முன்னால் யாரும் இல்லை. வில்லைத் தந்தியில் வைத்தேன். கை நகரவில்லை. வீட்டில் வருகிற அதே பயம் இங்கேயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், நாளைக்கே வயலினைச் சிட்னிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே நினைத்தேன். கைதேர்ந்த ஒருவரையும் கோபப்படுத்திவிட்டு, ஊர்பேர் தெரியாத இத்தனை பேருக்கு முன்னால் ஓட்டைக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

“வாசியுங்கோவன்!” மனைவியின் குரல் ஓரத்தில் இருந்து வந்தது. “எல்லாரும் பாத்துக்கொண்டெல்லோ இருக்கினம்.”

வாசித்தேன். அவர்களுடைய பாதை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சாக்ஸபோன்காரர் தொட்ட சுரங்களை எங்கேயோ கேட்ட மாதிரி முதலிலேயே தோன்றியிருந்தது. எங்கள் சுத்த தன்யாசி ராகம். கிட்டத்தட்ட அதே ஐந்து சுரங்கள். ஒரு வரி இழுத்தேன். டபுள் பேஸ் அதற்குக் கீழே ஒன்றும் நடக்காதது போல நடந்துவந்தது. இரண்டாவது வரியும் வந்தது. இதற்கு மேல் எனக்கு வராதே என்று நான் வழக்கம்போல நின்ற இடத்தில், பின்னால் சத்தம் கேட்டது.

என் இரண்டாவது வரி. அரை மூச்சுத் தள்ளி. சாக்ஸபோனில்.

பியர் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் வாசித்தார். என்னைப் போலவே தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு, கடைசியில் வேண்டுமென்றே ஒரு கீச்சையும் சேர்த்தார். பழிவாங்கல்தான், சந்தேகமே இல்லை. ஹால் கைதட்டியது. நான் மூன்றாவது வரிக்குப் போனேன். அவரும் வந்தார். நான் மேலே ஏறினால் அங்கே நின்றார், கீழே இறங்கினால் அங்கே நின்றார். ஒரு பிடியை நினைத்து முடிக்க விடவில்லை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மனிதனை நிம்மதியாக ஒரு மூச்சு விட விடாமல், இதென்ன வேலை? இத்தனை வருடம் என்னை இப்படிப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் பாடிய பாடகர்கள் எல்லாரும் அப்போது எனக்குத் தெய்வப் பிறவிகளாகத் தெரிந்தார்கள்.

எரிச்சலில் ஒரு வேலை செய்தேன். காந்தாரத்தில் இருந்து மத்திமத்துக்கு ஏறாமல் ஏறுகிற, சுரத்தின் மேல் நில்லாமல் ஆடுகிற ஒரு பிடி இருக்கிறது. அதைப் போட்டேன். அவர் பின்னால் வந்தார். வழுக்கினார். மறுபடி முயன்றார், மறுபடியும் வழுக்கினார். இப்போது தலையை ஆட்டவில்லை, கீச்சவில்லை. பியர் மேசையை விட்டு நகர்ந்து மேடைக்குக் கிட்ட வந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஹாலில் யாருமே இல்லாதது போல, அந்த ஒரே பிடியைத் திரும்பத் திரும்பத் தேடினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கஷ்டமான பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அது என் முகம். நானோ அதற்குள் அடுத்த பிடிக்குப் போய்விட்டிருந்தேன்.

“இஞ்சருங்கோ!” என்றாள் மனைவி, ஹாலுக்கே கேட்கும்படி. “மெல்லமாப் போங்கோ. அந்தாள் பின்னால வாறாரெல்லோ, பாவம்.”

சிட்னிப் பிள்ளைக்கு வேறு வயலின் பார்க்கும்படி அந்தக் கிழமையே சொல்லிவிட்டோம். அக்கா கொஞ்ச நாள் எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் எனக்குச் சிட்னி நினைவே இல்லை. சாக்ஸபோன்காரர் மேலே ஏறி, ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வயிற்றை ஒருமாதிரி மடக்கிக்கொண்டு என் உயரத்துக்கு வந்து உட்கார்ந்தார். இன்னமும் சிரிக்கவில்லை. என் இடது கையைப் பார்த்தார்.

ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இருந்து திரும்பி வந்தேன். காந்தாரத்தில் விரலை வைத்து, அந்தப் பிடியை மெதுவாக, உடைத்து உடைத்து வாசித்தேன். பிறகு வில்லைத் தூக்கினேன். தகரக் கூரையில் மழை பெய்தது. எந்தப் பாடகரும் எனக்காக ஒருமுறைகூட நின்றதில்லை. அவர் வரும்வரை நான் நின்றேன்.